மொட்டைமாடி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு சென்னையிலேருந்து பாக்குறது எப்படி

எங்க வீடு திண்டுக்கல் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும்தான் அங்க, நான் வேலைக்காக சென்னையில. மொட்டைமாடியில 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்னு இருக்கு, அதுல தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்க அப்பா தினம் ரெண்டு தடவ படியேறுவாரு, முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே ஏறுவாரு. சரி, ஒரு சென்சார வெச்சு போன்ல காட்டிரலாம், ஒரு ஞாயித்துக்கிழம வேலதானேன்னு எறங்கினேன். சென்சார் ஓட ஒரு ஞாயித்துக்கிழமதான் ஆச்சு, பொய் சொல்லல. ஆனா அது அனுப்புற எண்ணை நம்பலாம்ங்குற நெலமைக்கு வர நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்துல புரிஞ்சத, இப்பதான் ஆரம்பிக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதிப் பாக்குறேன்.

சென்சார் சொல்றத வாங்கி நெட்ல அனுப்ப ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேணும். மொதல்ல அதுன்னா என்ன. உங்க வாஷிங் மெஷின்ல, ஏசி ரிமோட்ல எல்லாம் உள்ள உக்காந்திருக்கே ஒரு குட்டி சிப், அதுதான். கம்ப்யூட்டர் மாதிரி பத்து வேல பாக்காது, நாம எழுதிக் குடுத்த ஒரே புரோகிராம கரண்ட் இருக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டே இருக்கும். காலேஜ் பசங்க கத்துக்குற அர்டுயினோ யூனோ போர்டும் இந்த வகைதான், ஆனா வழக்கமா கெடைக்குற யூனோல நெட் கெடையாது, தனியா ஒரு வைஃபை மாட்யூல் வாங்கி ஒட்டணும். 2014ல ஷாங்காய்ல இருக்குற எஸ்பிரசிஃப் கம்பெனியோட ஈஎஸ்பி8266 வந்தப்பதான் வைஃபை சிப்புக்குள்ளயே, அதுவும் கொறஞ்ச வெலைக்கு கெடைக்க ஆரம்பிச்சது, அப்புறம் 2016ல அதோட அண்ணன் ஈஎஸ்பி32 வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையில கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க. நான் வெச்சிருக்குறது ஈஎஸ்பி32.

இப்ப டேங்க்லேருந்து ஒரே ஒரு எண்ணப் புடிச்சு அது என் போனுக்கு எப்படி வருதுன்னு கூடவே போய்ப் பாப்போம்.

டேங்க் மூடியில ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டின்னு ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டியிருக்கேன், வாட்டர்ப்ரூஃப், கார் பம்பர்ல ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப்னு கத்துமே அதே ஜாதி. வவ்வால் மாதிரி நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் ஒன்ன கீழ அனுப்பும், அது தண்ணியில பட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சொல்லும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும். தண்ணி, லிட்டர், சதவீதம் எதுவும் அதுக்குத் தெரியாது. இன்னைக்கு காலையில அது சொன்னது 4060 மைக்ரோசெகண்ட். சத்தம் போயிட்டு வந்தது ரெண்டு பக்க தூரம், அதனால ஒரு சென்டிமீட்டருக்கு சுமாரா 58 மைக்ரோசெகண்ட்னு கணக்கு, 4060ஐ 58ஆல வகுத்தா 70. ஆக சென்சார்லேருந்து 70 சென்டிமீட்டர் கீழ தண்ணி நிக்குது. என் டேங்க்ல சுத்தமா காலின்னா 120, ரொம்பிட்டா 25. நடுவுல இருக்குற 95ல 50 சென்டிமீட்டர் தண்ணி, அதாவது 53 சதவீதம்.

ரொம்பினாலும் ஏன் 25, தண்ணி மூடி வரைக்கும் வராதான்னு கேப்பீங்க. இந்த சென்சாருக்கு கிட்டப்பார்வ கோளாறு உண்டு, சுமார் 20, 25 சென்டிமீட்டருக்குள்ள எது இருந்தாலும் அதுக்குத் தெரியாது, ஏதாச்சும் ஒளறும். அதனால மூடியில ஓட்ட போட்டு ஒரு துண்டு பிவிசி பைப்ப நிக்க வெச்சு அதுக்கு மேல சென்சார ஒக்கார வெச்சிருக்கேன். இதச் செய்யாம விட்ட மொத வாரம் டேங்க் ரொம்புற நேரத்துல மட்டும் பாதி காலின்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு.

வயரிங்ல சொல்ல வேண்டியது ஒன்னே ஒன்னுதான். இந்த சென்சார் 5 வோல்ட்ல ஓடுது, ஈஎஸ்பி32ல வயர் சொருகுற காலுங்க (பின்) 3.3 வோல்ட்தான் தாங்கும். சென்சார் திருப்பி அனுப்புற எக்கோ லைன நேரா சொருகினா இன்னைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும், ஒரு நாள் அந்தக் கால் செத்துரும். 1 கிலோஓம் ஒன்னு, 2 கிலோஓம் ஒன்னு, ரெண்டு ரெசிஸ்டர் போட்டு 5ஐ 3.3 ஆக்கிக் குடுங்க, ரெண்டு ரூபா சமாச்சாரம்.

சென்சார் சொல்ற எண்ண அப்படியே நம்பக்கூடாதுங்குறதையும் இங்கயே சொல்லிடறேன். மோட்டார் ஓடும்போது மேலேருந்து தண்ணி கொட்டுது, அலையடிக்குது, சத்தம் எங்கயோ செதறிப் போகுது. எக்கோ திரும்பி வரலன்னா புரோகிராம்ல கெடைக்கிறது 0. தூரம் 0ன்னு கணக்குல போட்டா டேங்க் 126 சதவீதம் ரொம்பியிருக்குன்னு வரும், எனக்கு வந்துச்சு, ஸ்கிரீன்ஷாட் இன்னும் வெச்சிருக்கேன். அதுக்கு மருந்து, ஒரு தடவ கேக்காம அஞ்சு தடவ கேட்டு, வரிசப்படுத்தி, நடுவுல இருக்குறத எடுத்துக்குறது. சராசரி எடுத்தா ஒரு தப்பு எண்ணு மத்த நாலையும் கெடுத்துரும், நடு எண்ணு எடுத்தா அந்தத் தப்பு ஓரத்துல போய் ஒதுங்கிரும். ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு விதமா பொய் சொல்லும். டிஎஸ்18பி20ன்னு ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கு, ரொம்ப நல்ல சென்சார், ஆனா கரண்ட் வந்தவுடனே அளக்குறதுக்கு முன்னாடியே கேட்டா 85 டிகிரின்னு சொல்லும், வயர் அந்துபோயிருந்தா வழக்கமா எல்லாரும் போடுற லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வெச்ச ரெடிமேட் கோடு) -127னு சொல்லும். இது தெரியாம மீன் தொட்டி கொதிக்குதுன்னு பயந்தவங்க இருக்காங்க.

வெயில் காலத்துல இன்னொன்னு. சத்தத்தோட வேகம் 20 டிகிரியில செகண்டுக்கு 343 மீட்டர், 40 டிகிரியில 355 மீட்டர். சித்திரை மாசம் மத்தியானம் மாடி டேங்க்குக்குள்ள இருக்குற சூட்டுல என் 70 சென்டிமீட்டர் உண்மையில 72. ரெண்டு சென்டிமீட்டர் பிசகுக்காக நான் ஒன்னும் பண்ணல, பண்ணணும்னா பக்கத்துலயே ஒரு வெப்பநிலை சென்சார் வெச்சு கணக்க திருத்திக்கலாம்.

சரி, 53 கெடைச்சாச்சு, இத எப்படி வெளிய அனுப்புறது. மொதல்ல வைஃபை. ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், உங்க ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் இருந்தா அது கண்ணுக்கே படாது. அடுத்தது கான்கிரீட் தளம். எங்க ரவுட்டர் ஹால் ஷோகேஸ்ல இருந்துச்சு, மாடியில சிக்னல் -84. இந்த எண்ணு மைனஸ்லதான் வரும், 0க்கு எவ்ளோ கிட்டயோ அவ்ளோ நல்லது, -50 அருமை, -70 வரைக்கும் பரவால்ல, -80ஐத் தாண்டினா வரும் வராது கததான். ரவுட்டர மாடிப்படி பக்கம் மாத்தி வெச்சதுக்கப்புறம் -68க்கு வந்துச்சு. இந்த சிக்னல் எண்ணையும் தண்ணி அளவு கூடவே அனுப்பி வெச்சுக்கோங்க, பின்னாடி எங்க கோளாறுன்னு தேடும்போது கடவுள் மாதிரி வந்து நிக்கும்.

வைஃபை கெடைச்சிருச்சு, ஆனா நான் சென்னையில இருக்கேன். ஈஎஸ்பி32க்குள்ளயே ஒரு குட்டி வெப்சைட் ஓட்டலாம், வீட்டுக்குள்ள இருந்து போன்ல தொறந்தா தெரியும், ஆரம்பிக்கிற எல்லாரும் மொதல்ல அதத்தான் பண்ணி சந்தோஷப்படுவோம். வீட்ட விட்டு வெளிய வந்தா தொறக்காது. ஏன்னா வீட்டுக்குள்ள இருக்குற ஒவ்வொரு சாமானுக்கும் ரவுட்டர் குடுத்திருக்குற முகவரி வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுறது, பெரும்பாலும் 192.168ன்னு ஆரம்பிக்கும், அநேகமா உங்க வீட்லயும் அதேதான் எங்க வீட்லயும் அதேதான். போதாததுக்கு பல நெட் கம்பெனிங்க ஒரே வெளி முகவரிய நெறைய வீட்டுக்குப் பொதுவா குடுத்து வெச்சிருக்காங்க. உள்ளேருந்து வெளிய போகலாம், வெளியேருந்து உள்ள வர்றதுக்கு வழியில்ல. அதனால இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றது, சென்சார நாம போய்க் கேக்குறதில்ல, சென்சார் தானா வெளிய வந்து ஒரு பொது எடத்துல சொல்லிட்டுப் போகும், நாமளும் அதே பொது எடத்துக்குப் போய் வாங்கிக்குறோம்.

அந்தப் பொது எடத்துல ஒக்காந்திருக்குறவருக்குப் பேரு புரோக்கர். ஆமா அதே புரோக்கர்தான், ஆனா ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்க மாட்டாரு. பேசுற பாஷ எம்க்யூடிடி. 1999ல ஐபிஎம்ல இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும், ஆர்காம்ங்குற கம்பெனியில இருந்த ஆர்லன் நிப்பரும் சேந்து இத உருவாக்கினாங்க. எண்ணெய்க் கொழாய்ங்கள சாட்டிலைட் வழியா கண்காணிக்கணும், சாட்டிலைட்ல ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, லைனும் அப்பப்ப அந்துபோகும், அந்த நெலமைக்காக செஞ்சது, அதனாலதான் இது இவ்ளோ சிக்கனம். வெப்சைட்டுக்கு நாம பேசுற எச்டிடிபியில ஒரு எண்ண அனுப்பக்கூட முன்னாடி பின்னாடி நூத்துக்கணக்கான பைட் சம்பிரதாயம் இருக்கும், எம்க்யூடிடியில சம்பிரதாயம் சில பைட்லயே முடிஞ்சுரும்.

வேல பாக்குற விதம் இதுதான். ஈஎஸ்பி32 புரோக்கர்கிட்ட போய் 'வீடு/மாடி/டேங்க்'ங்குற தலைப்புல 53ன்னு சொல்லும். என் போன் அதே புரோக்கர்கிட்ட 'வீடு/மாடி/டேங்க்'ல எது வந்தாலும் எனக்குக் குடுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கும். ரெண்டுக்கும் ஒன்ன ஒன்னு தெரியாது. நாளைக்கு தங்கச்சி போனயும் சேக்கணும்னா டேங்க் பக்கம் ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். தலைப்ப தமிழ்லயே வெக்கலாம், யூனிகோட் எல்லாம் ஏத்துக்கும், ஆனா தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் மூணு பைட், 'டேங்க்'ங்குற ஒரு வார்த்தையே 18 பைட் புடிக்கும். நான் ஆசைக்கு தமிழ்ல வெச்சிருக்கேன், ஒரு வீட்டு டேங்க்குக்கு இது ஒன்னும் பாரமில்ல. ஒரே ஒரு தடவ, எல்லா விவரத்தையும் ஒரே செய்தியில திணிச்சப்ப நான் போட்டிருந்த லைப்ரரியோட 256 பைட் வரம்பத் தாண்டிருச்சு, எர்ரர்னு எதுவும் திரையில வரல, செய்தி போகவும் இல்ல, ஒரு ராத்திரி முழுக்க வைஃபைய திட்டிக்கிட்டு இருந்தேன்.

புரோக்கருக்கு நான் வெளிய ஒரு சின்ன வாடக சர்வர்ல மஸ்கீட்டோன்னு ஒரு ஓசி சாஃப்ட்வேர் ஓட்டுறேன், கொசுதான், இங்கிலீஷ் எழுத்துல ஒரு 'டி' மட்டும் கூட. கத்துக்குறதுக்கு யார் வேணா வந்து போற பொது டெஸ்ட் புரோக்கர்களும் நெட்ல இருக்கு, ஒரு சாயங்காலம் விளையாடிப் பாக்க நல்லது. அதுலயே வீட்டு டேங்க்க விட்டுராதீங்க. தண்ணி அளவுல என்னடா ரகசியம்னு தோணும். ஆனா மூணு நாளா தண்ணி ஒரு சென்டிமீட்டர்கூட எறங்கலன்னா வீட்ல ஆள் இல்லன்னு அர்த்தம், அத ஊருக்கே தண்டோரா போட வேண்டாம். யூசர்நேம் பாஸ்வேர்டு போடுங்க, முடிஞ்சா 1883ங்குற தொறந்த போர்ட்ட (புரோக்கர் வீட்டு வாசல் நம்பர்னு வெச்சுக்கோங்க) விட்டுட்டு குறியாக்கம் பண்ணின 8883க்குப் போங்க.

இதெல்லாம் முடிச்சு போன்ல 53ன்னு வந்தப்ப ஒரு டீ குடிச்சுட்டு வேல முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அடுத்த மாசம் ஒரு திங்கக்கிழம அம்மா போன். "டேய், உன் போன்ல பாதி டேங்க் இருக்குன்னு நேத்துதானடா சொன்ன, கொழாயத் தொறந்தா காத்துதான் வருது." நான் பாக்குறேன், 53. அப்பவும் 53. யோசிச்சுப் பாத்தா வெள்ளிக்கிழமலேருந்தே 53தான்.

நடந்தது என்னன்னா வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒரு இருவது நிமிஷம் கரண்ட் போச்சு. திரும்பி வந்ததும் ஈஎஸ்பி32 ஒரு செகண்ட்ல முழிச்சுக்கிச்சு, ரவுட்டர் முழிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். நான் எழுதின புரோகிராம், நெட்ல இருந்த உதாரணத்த அப்படியே எடுத்தது, வைஃபைக்கு பத்து தடவ அர செகண்ட் அர செகண்ட்டா தட்டிப் பாத்துச்சு, அஞ்சு செகண்ட்ல கதவு தொறக்கலன்னதும் சரின்னு ஓரமா ஒக்காந்துருச்சு. மூணு நாள். இது ஒரு தப்பு. ஆனா இதவிட மோசமான தப்பு ரெண்டாவது. எம்க்யூடிடியில ரீட்டெய்ன்னு ஒரு வசதி இருக்கு, கடைசியா வந்த செய்திய புரோக்கர் கையில வெச்சுக்கிட்டு புதுசா யார் வந்து கேட்டாலும் ஒடனே குடுத்துரும், ஆப்பத் தொறந்தா காத்திருக்காம எண்ணு தெரியணும்னு நான்தான் அதப் போட்டு வெச்சேன். அதனால செத்துப்போன சென்சாரோட கடைசி வார்த்தைய புரோக்கர் மூணு நாளா என்கிட்ட புத்தம்புதுசா குடுத்துக்கிட்டே இருந்துச்சு.

சென்சார் ஒன்னுமே அனுப்பலன்னா போன்ல ஒன்னுமே தெரியக்கூடாது, இல்லன்னா எப்ப அனுப்பினதுன்னு தெரியணும். என்ன கேட்டா நெட்ல சென்சார் கோக்குற வேலையில கஷ்டமான பாதி இதுதான், இத பத்து நிமிஷ வீடியோ எதுலயும் சொல்றதில்ல. 

நான் பண்ணின திருத்தம் மூணு. வைஃபை கெடைக்குற வரைக்கும் விடாம தட்டிக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷம் கெடைக்கலன்னா தன்னத்தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கும். ரெண்டாவது, எம்க்யூடிடியிலயே லாஸ்ட் வில்னு ஒன்னு இருக்கு, உயில்தான், சென்சார் புரோக்கர்கிட்ட சேரும்போதே 'நான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா இந்தத் தலைப்புல ஆஃப்லைன்னு போட்டுரு'ன்னு எழுதிக் குடுத்துரும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கெடு பேசி வெச்சுக்குவாங்க, என்னோடது 60 செகண்ட், அந்தக் கெடுவுல ஒன்னர மடங்கு, அதாவது 90 செகண்ட் வரைக்கும் பேச்சு மூச்சே இல்லன்னா புரோக்கர் உயிலப் படிச்சுரும். மூணாவது, ஒவ்வொரு எண்ணு கூடவும் அது அளந்த நேரத்தையும் சேத்து அனுப்புறது.

நேரம்னா அதுலயும் ஒரு கூத்து. ஈஎஸ்பி32ல பேட்டரி போட்ட கடிகாரம் கெடையாது, கரண்ட் போயி வந்தா எல்லாத்தையும் மறந்துரும், நெட்ல கேட்டாத்தான் மணி தெரியும், அதுக்கு என்டிபின்னு பேரு, நம்ம ஊருக்கு 19800 செகண்ட், அதாவது அஞ்சர மணி நேரம், கூட்டிக்கணும்னு சொல்லணும். நெட் வர்றதுக்கு முன்னாடியே அளந்துட்டா என்ன தேதி போடும் தெரியுமா, 1970 ஜனவரி 1, காலையில 5:30. அது பொறந்த நேரம் அதுதான்னு நினைச்சுக்கும். அந்த மாதிரி தேதியோட வர்றத நான் தூக்கிப் போட்டுடறேன். நெட் இல்லாதப்பவும் நேரம் கட்டாயம் வேணும்னா டிஎஸ்3231ன்னு பட்டன் செல் போட்ட ஒரு கடிகார மாட்யூல் இருக்கு, அத வாங்கி மாட்டிக்கணும். நேரம் தெரியுதுன்னா நெட் போன சமயத்துல அளந்ததையும் உள்ளயே சேத்து வெச்சு, லைன் வந்ததும் பழசுலேருந்து வரிசையா அனுப்பிரலாம், ஒரு நாளுக்கு உண்டான எண்ணுங்க எல்லாம் சேந்தாலும் ஒரு போட்டோ அளவுகூட வராது.

புரோக்கர் பழைய கணக்கு எதையும் வெச்சுக்காது, கடைசி ஒன்னு மட்டும்தான். போன வாரம் எவ்ளோ செலவாச்சுன்னு கிராஃப் பாக்கணும்னா எழுதி வெக்க ஒரு எடம் வேணும். ஆரம்பத்துல திங்ஸ்பீக்னு எண்ணுங்கள சேத்து வெச்சு கிராஃப் போட்டுக் காட்டுற வெப்சைட் ஒன்னு போதும், இலவச கணக்குல 15 செகண்டுக்கு ஒரு தடவதான் அனுப்ப முடியும், ஒரு சேனல்ல எட்டு வகை எண்ணு வெச்சுக்கலாம், தண்ணி டேங்க்குக்கு இது தாராளம். கை பழகினதுக்கப்புறம் எண்ணுங்கள சேத்து வெக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, கிராஃப் போட கிராஃபானா பக்கம் போகலாம்.

இது வரைக்கும் சொன்னது கரண்டும் வைஃபையும் இருக்குற வீட்டுக்கு. தோட்டத்துக் கெணத்துல வெக்கணும்னு நெறைய பேர் கேக்குறாங்க, அங்க ரெண்டுமே இருக்காது. பேட்டரிக்கு வழி தூக்கம்தான். முழிச்சிருந்தா வைஃபையோட சேத்து சராசரி 100 மில்லிஆம்ப்னு வெச்சுக்கோங்க, 2600 மில்லிஆம்ப்-அவர் செல் ஒன்னு 26 மணி நேரத்துல காலி. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ அஞ்சு செகண்ட் மட்டும் முழிச்சு, அளந்து, அனுப்பிட்டு டீப் ஸ்லீப்ல தூங்கிட்டா அதே செல் காகிதக் கணக்குல ஆறு மாசம் வரும். நெசத்துல வராது, ஏன்னா சிப்பு தூங்கினாலும் போர்டுல இருக்குற அந்த செவப்பு எல்இடியும், வோல்டேஜ கொறச்சுக் குடுக்குற ரெகுலேட்டரும் தூங்காது. தூரத்துக்கு லோரான்னு ஒரு ரேடியோ இருக்கு, தடை இல்லாத எடத்துல சில கிலோமீட்டர் போகும், லைசன்ஸ் இல்லாம இந்தியாவுல 865லேருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஓட்டலாம், கடையில 433 மாட்யூல எடுத்து நீட்டுவாங்க, பாத்து வாங்குங்க. சிம் போடுறதா இருந்தா மலிவா கெடைக்குற எஸ்ஐஎம்800எல் வெறும் 2ஜி, ஜியோ சிம் அதுல எடுக்கவே எடுக்காது, ஏன்னா ஜியோவுல 2ஜியே கெடையாது. லோராவ பத்தி தனியா எழுதுற அளவுக்கு விஷயம் இருக்கு, இப்ப வேண்டாம்.

இப்ப போன்ல 53 சதவீதம்னு பெருசாவும் அதுக்குக் கீழ '2 நிமிஷம் முன்னாடி'ன்னு சின்னதாவும் வருது, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா எண்ணு செவப்பாயிடும். அப்பா அடுத்து மோட்டாரயே இதோட கோத்து விடு, தானா ஓடி தானா நிக்கட்டும்னு கேக்குறாரு. இந்த எண்ணு ரெண்டு மாசம் பொய் சொல்லாம வரட்டும்ப்பா, 126 சதவீதம்னு சொன்ன மெஷின் கையில மோட்டார் சுவிட்ச குடுக்க எனக்கு தைரியம் இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதனால அவரு தினமும் காலையில மாடிக்கு ஏறி, மூடியத் தொறந்து, உள்ள எட்டிப் பாத்துட்டு, அங்கேருந்தே எனக்கு போன் போட்டு "ஏப்பா, உன் மெஷின் இப்ப எவ்ளோ காட்டுது"ன்னு கேக்குறாரு.